தூங்கும்போது கிளம்புகிறவர்கள்

விமானம் மேலே ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்று பேர் அவளைப் புஜ்ஜிக்கு அம்மாவாக்கிவிட்டார்கள். முதலாவது, வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற பணிப்பெண். இரண்டாவது, முன் இருக்கைக்காரி. இருக்கைகளின் இடைவெளியில் கையை விட்டுப் புஜ்ஜி அவள் முடியைப் பிடித்து இழுத்ததும் வெடுக்கென்று திரும்பி, "அம்மா பக்கத்துல இருக்கும்போதே இப்படியா?" என்று கேட்டாள். மூன்றாவது, பக்கத்து இருக்கைப் பெரியவர். கழுத்தைச் சுற்றி ஒரு தலையணை, காதில் பஞ்சு, கண்ணுக்குக் கறுப்புத் துணி என்று சகல ஏற்பாடுகளோடும் சாய்ந்திருந்தார். இத்தனைக்குப் பிறகும் தூக்கம் வரவில்லையென்றால் அதற்கு யாராவது பொறுப்பேற்கவேண்டும் அல்லவா? "புள்ளைக்கு வெவரம் தெரியற வரைக்கும் பெத்தவங்க பேசாம வீட்டுல இருக்கலாம்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பெக்கலீங்க" என்றாள் அவள்.

பெரியவர் கண்துணியை ஓர் ஓரமாகத் தூக்கி அவளைப் பார்த்தார், மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பயத்திலாவது கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பார்.

அவள் புஜ்ஜிக்கு அத்தை. வயது நாற்பதைத் தொடப்போகிறது. ஆனால் வீட்டில் கடைக்குட்டி என்பதால் இன்றைக்கும் அவள் பெயர் பாப்பாதான். அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவான், அண்ணியும் அப்படித்தான். பாப்பா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அவளுக்கு ஒரு வேலை, ஒரு விருப்பம், ஒரு அவசரம் இருக்கக்கூடும் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துபோயிருந்தார்கள்.

அவளுக்கு வேலை இருந்தது. பல் செய்கிற வேலை. டென்டல் லேபில் பீங்கான் தூளைக் குழைத்து, நுனி மெலிந்த பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு அடுக்கி, சின்னச் சூளையில் சுட்டு, மறுபடி அடுக்கி, மறுபடி சுட்டு, பக்கத்துப் பல்லோடு வித்தியாசம் தெரியாதபடி ஒரு முன்பல்லைக் கட்டி எழுப்புவாள். கொஞ்சம் கை நடுங்கினாலும் போச்சு, அது பல்லாக இருக்காது, சுண்ணாம்புக் கட்டியாக இருக்கும். அண்ணன் இருக்கிற ஊரில் பெரிய லேப் ஒன்று, இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்க வருடத்துக்கு ஒரு முறை செய்முறைத் தேர்வு வைக்கிறது. நாற்பது வயதுக்குள் இருக்கவேண்டும். இந்த வருடத்தை விட்டால் அவள் தாண்டிவிடுவாள். அழைப்பு வந்த அன்றிலிருந்து காப்பியை நிறுத்தினாள், கை நடுக்கம் வந்துவிடக்கூடாதென்று. கனமான எதையும் வலது கையால் தூக்குவதில்லை என்றுகூட வைத்துக்கொண்டாள். விமானத்தில் போகும்போது நன்றாகத் தூங்கவேண்டும், இறங்கிக் குளித்துவிட்டு மத்தியானத் தேர்வுக்கு நேராகப் போய் உட்காரவேண்டும். அவள் போட்ட திட்டம் இவ்வளவுதான்.

அதைக் கெடுத்தது ஒரே ஒரு வார்த்தை. "நீ எப்படியும் இங்கதான வர்ற பாப்பா, அப்படியே புஜ்ஜியையும் கூட்டிட்டு வந்துரு" என்று, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போயிருந்த அண்ணன் போனில் சொன்னான். அந்த 'அப்படியே'யை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் குடும்பத்தில் யாராவது தூரதேசம் கிளம்புகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும். அப்படியே இந்த மாத்திரை, அப்படியே இந்த மூக்குக்கண்ணாடி, அப்படியே குக்கருக்கு ஒரு கேஸ்கட். போகிறவர் பெட்டியில் போகிறவருக்கு இடமிருக்காது. அந்தப் பட்டியலில் இப்போது ஒரு குழந்தை. பல்லும் சரியாக முளைக்காத, உயிருள்ள ஒரு குழந்தை.

"அண்ணா, எனக்கு இறங்கின அன்னைக்கே டெஸ்ட்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"மத்தியானம்தான டெஸ்ட்டு? ப்ளைட் காலையிலயே வந்துருது. அவன் ஏறினதும் தூங்கிருவான், நீயும் தூங்கு."

அவளுடைய அம்மா அதற்கும் ஒரு படி மேலே போனாள். "நல்லதாப் போச்சு. ஒத்தையில போறியேன்னு கவலையா இருந்துச்சு. இப்பத் துணையாச்சு" என்றாள். துணையாம்! கேட்ட கேள்விக்கு ஒரு வாரம் கழித்துப் பதில் போடுகிற அண்ணன், குழந்தையை அத்தையோடு அனுப்பச் சம்மதக் கடிதத்தை மறுநாளே கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தான். தானே வந்து கூட்டிப்போக எடுத்திருந்த டிக்கெட்டையும் அன்றே ரத்து செய்துவிட்டான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏறியதும் தூங்கிவிடுவான் என்று சொல்லப்பட்ட துணை, ஏறியதிலிருந்து தூங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தான். பாலைக் குடித்துவிட்டு அவளுடைய கழுத்தோரம் பாதியைத் திருப்பிக் கொடுத்தான். கழிப்பறைச் சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற பலகையில் அவனைப் படுக்கவைத்து டயாப்பர் மாற்றுவதற்குள், முழங்காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு, தன் மூக்கில் வழிந்த வியர்வையை அவள் தோளிலேயே துடைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. வெளியே வந்தால் நான்கு பேர் வரிசையில் நின்றுகொண்டு, அவள் உள்ளே சொகுசாகப் படுத்துத் தூங்கி எழுந்து வருகிறவள்போலப் பார்த்தார்கள். நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நடந்தால் அழமாட்டான், நின்றால் அழுவான். உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அதிலும் அவனுக்கு வலது தோள்தான் வேண்டும். எத்தனை முறை இடப்பக்கம் மாற்றினாலும் கண்ணை மூடியபடியே உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டான். கடைசியில் அவள் வலது கையிலேயே, முழங்கை மடிப்பில் தலையை வைத்துக்கொண்டு சற்றுக் கண்ணயர்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போயிற்று, பிறகு விரல்நுனிகளில் குறுகுறுவென்று ஊசி குத்தத் தொடங்கியது. எடுக்க முடியாது, எடுத்தால் எழுந்துவிடுவான். காகிதக் கோப்பையில் கிடந்த கலக்கும் குச்சியை அந்தக் கையின் விரல்களால் எட்டி எடுத்து, பிரஷ்ஷைப் பிடிப்பதுபோலப் பிடித்து, கோப்பையின் விளிம்புக்கு நேரே நிறுத்திப் பார்த்தாள். நுனி ஆடியது. மூச்சை அடக்கிப் பார்த்தாள். அப்போதும் ஆடியது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்நேரம் அண்ணன் தன் வீட்டில் கைகால் நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பான்.

வீட்டில் இரவுச் சாப்பாடு முடிகிற நேரம் என்று புஜ்ஜியின் வயிறு சொல்லியிருக்கவேண்டும். கண் விழித்தான், எழுந்து அவள் மடியில் நின்றுகொண்டான், முன் இருக்கையின் முதுகில் இருந்த திரையைத் தட்டினான். "ம்மா" என்றான். திரையில் நீலக் கடலும் அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு சின்ன விமானமும்தான் தெரிந்தன. அவன் பொறுமையாகக் காத்திருந்தான். மறுபடி தட்டினான். "ம்மா, ம்மா." பிறகு, தினமும் பாட்டி சொல்லிக்கொடுத்தபடி, முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் வைத்து ஒரு முத்தம் கொடுத்தான், எச்சில் வழிய. கையை ஆட்டி டாட்டா காட்டினான். வேலை முடிந்தது என்பதுபோல உட்கார்ந்துவிட்டான்.

கண்ணாடியில் வழிந்த எச்சிலை அவள் துடைத்தாள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, அம்மா பாரு, அம்மாவுக்கு முத்தா குடு என்று வீட்டில் நடக்கிற கூத்தை அவளும்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகாகத்தான் இருந்தது. யாருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு அம்மா என்றால் ஓர் ஆள் இல்லை. வெளிச்சமான ஒரு கண்ணாடி.

அவனை விட்டுவிட்டு அண்ணனும் அண்ணியும் வேலைக்குத் திரும்பியபோது அவன் கைக்குழந்தை, தவழ்ந்துகொண்டிருந்தான். அன்றைக்கும் விமான நிலையம்தான். முழித்திருக்கும்போது கிளம்பினால் பார்க்கச் சகிக்காது என்று சொல்லி அவன் தூங்குகிற வரைக்கும் காத்திருந்தார்கள். பாப்பாவின் தோளில் அவன் வாயைத் திறந்தபடி தூங்கினான். அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போனாள். ஒரு சத்தமில்லாமல் முடிந்துவிட்டது என்று திரும்பும் வழியெல்லாம் வண்டியில் வீட்டார் பாராட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் அவன் அறை அறையாகத் தவழ்ந்துபோய், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்ததை யாரும் போனில் அவர்களுக்குச் சொல்லவில்லை. மனசு கஷ்டப்படுமாம். யார் மனசு?

விமானம் இறங்கியபோது பக்கத்துப் பெரியவர் ஒருவழியாகக் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்திருந்தார். கண்துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "புள்ளைக்கு நேரத்துக்குத் தூங்கப் பழக்கி விடும்மா" என்று கனிவாகச் சொன்னார். தலைக்கு மேலிருந்த பையை ஒரு கையால் இழுத்து இறக்கும்போது அது அவர் தோளில் இடித்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வெளியே வருகிற வாசலில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். அண்ணி கையில் பலூன் கொத்து. அண்ணன் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து, பால்நாற்றத்தோடு, ஒரு தோளில் பிள்ளையும் மறு தோளில் மூன்று பையுமாக வந்துகொண்டிருந்த தங்கையைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "பாப்பா, கொஞ்சம் தள்ளிக்கோ, மறைக்குது" என்பது. அடுத்தது, "அவனைக் கீழ விடு. அம்மாகிட்ட ஓடி வரட்டும்."

அவள் விட்டாள். எங்கே பார்ப்போம் என்றுகூட உள்ளுக்குள் ஒரு குரூரமான எண்ணம் இருந்தது.

அண்ணி தரையில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள். முகமெல்லாம் நீர். "புஜ்ஜி! அம்மாடா! வாடா கண்ணா, அம்மாகிட்ட வா!" புஜ்ஜி நின்றான். அந்த முகத்தையும் பலூன்களையும் பார்த்தான். பிறகு அண்ணனின் கையிலிருந்த போன் கண்ணில் பட்டது. முகம் மலர, தத்தித் தத்தி நடந்து, விரித்த கைகளைத் தாண்டிப் போய், அண்ணனின் காலடியில் நின்று கையை உயர்த்தினான். "ம்மா" என்றான், போனைக் காட்டி. "ம்மா."

அண்ணன் இன்னும் படமெடுத்துக்கொண்டுதான் இருந்தான். புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி விரித்த கையை மடக்காமல் அப்படியே இருந்தாள். அவளைப் பார்க்கப் பாப்பாவுக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் பாவமாக இருந்தது என்பதே இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அண்ணி எழுந்து ஓடிப்போய்க் குழந்தையை அள்ளி அணைத்தாள். யாரோ ஒரு பெண் பிடித்து நெரிக்கிறாள் என்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கூடம் அதிர வீறிட்டான், உருவிக்கொண்டு இறங்கினான், ஓடிவந்து பாப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினான். வலது தோளில்.

"சரி, சரி, முதல்ல வீட்டுக்குப் போவோம்" என்றான் அண்ணன். "பாப்பா, நீயும் வந்துரு. நீ இல்லாம இவன் இருக்க மாட்டான் போல."

"எனக்கு டெஸ்ட் இருக்கு அண்ணா."

"போன் பண்ணி வேற நாள் கேட்டுப் பாரேன். குழந்தை விஷயம்னா புரிஞ்சுக்குவாங்க."

"வேற நாள் கிடையாது. வயசு தாண்டிரும்னு உன்கிட்ட நாலு தடவை சொல்லிட்டேன்."

"அப்போ ஒண்ணு செய். வீட்டுக்கு வந்து அவனைத் தூங்க வை. தூங்கினதும் சத்தமில்லாம நீ கிளம்பிரு. முழிச்சா நாங்க பாத்துக்கறோம்."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. "போன தடவையும் தூங்கும்போதுதான் போனீங்க" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. தள்ளுவண்டியோடு போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இவன் எந்திரிச்சு வீடு பூரா தேடினான், தெரியுமா உனக்கு? ஒவ்வொரு கதவையும் போய்ப் பாத்தான். இத்தனை நாளா யாரும் உங்களுக்குச் சொல்லலை. இன்னொரு தடவை தூங்கும்போது விட்டுட்டு ஓடுறதுக்கு என்னால ஆகாது. அதுவும் உங்களுக்குப் பதிலா!"

அண்ணி அழுகையை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள். "நானா ஆசைப்பட்டு விட்டுட்டு வந்தேன் பாப்பா?"

"இல்ல அண்ணி. ஆனா நானும் ஆசைப்பட்டுத் தூக்கிட்டு வரல."

அவள் அங்கிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து புஜ்ஜியை மடியில் நிறுத்தி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "புஜ்ஜி, இங்க பாரு. அத்தை இப்போ போகப் போறேன். இது அம்மா. போன்ல வருவாங்கல்ல, அந்த அம்மா இவங்கதான். நீ இவங்க கூட இருக்கணும்." அவனுக்கு என்ன புரிந்ததோ. அவள் வாய் அசைவதையே பார்த்துவிட்டு அவளுடைய கீழ்ப் பல்லைத் தொட்டான். அவள் எழுந்து அவனை அண்ணியிடம் நீட்டினாள். கழுத்தில் கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் முன்னால் பிரித்தது மறுபடி பிடித்துக்கொண்டது.

"முதுகுல தட்டாதீங்க அண்ணி, பிடிக்காது. தடவிக் குடுங்க. நடந்துக்கிட்டே இருங்க, நின்னா அழுவான். அழுதாலும் பரவாயில்ல, அழட்டும். நீங்க மட்டும் கீழ விட்டுறாதீங்க."

கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்து, திரும்பிப் பார்த்தாள். மறைந்துபோகக்கூடாது, அவன் பார்க்கப் போகவேண்டும். அதைத்தானே பெரிதாகப் பேசினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியின் தோளுக்கு மேலே, வாய் கிழியக் கத்தியபடி, இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான். அவள் டாட்டா காட்டினாள். கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்ட பின்னும் சத்தம் கேட்டது.

டாக்சியில் அவள் கொதித்துக்கொண்டே போனாள். தூக்கத்தைப் பறித்தது, கையைக் கெடுத்தது எல்லாம் போகட்டும். அவன் இப்போது வெறுப்பது அவர்களை இல்லையே, அவளை அல்லவா! விட்டுவிட்டுப் போகிற பாவத்தையும் 'அப்படியே' அவள் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார். பால்நாற்றம் அவருக்கும் அடித்திருக்கும்.

லேபின் கழிப்பறையில் முகத்தைக் கழுவினாள், சட்டையின் தோளை ஈரத்துணியால் துடைத்தாள், வலது கையைச் சுடுநீர்க் குழாயின் கீழ் நீட்டி விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். தேர்வு நடக்கிற அறைக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். ஏழெட்டுப் பேர் சுவரோரமாக நின்றார்கள். எல்லோரும் தூங்கி எழுந்த முகத்தோடு, இஸ்திரி போட்ட சட்டையோடு இருந்தார்கள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே விளக்குகளும் மேசைகளும், மேசைக்கு ஒரு பீங்கான் தட்டும் பிரஷ்ஷும் தெரிந்தன. அவள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற பெண் தன்னையே பார்ப்பது சற்றுக் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. முகத்தை இல்லை, உடம்பை. என்ன பார்க்கிறாள் என்று குனிந்து பார்த்தாள். பாப்பா ஆடிக்கொண்டிருந்தாள். இடது கால், வலது கால், இடது கால், வலது கால் என்று எடையை மாற்றி மாற்றிப் போட்டு, இடுப்பை லேசாக அசைத்து, வெறுங்கையோடு, யாரையோ தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள். முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு போட்டவர் தலையை நீட்டி, "எல்லாரும் உள்ள வரலாம்" என்றார். வரிசை நகர்ந்தது. தன் முறைக்காக வாசலில் நின்றபோது, அவளுடைய கால்கள் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தன.